அந்த ஒரு கிராம் எங்கே போனது

பழைய தங்கம் வாங்கும் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு நான் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் கடைக் குப்பையை வெளியே கொட்டக் கூடாது. தரைத் தூசி, மிதியடியில் ஒட்டியது, மேசை துடைத்த துணி, கை கழுவும் தொட்டியின் அடி வண்டல் எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைப்போம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உருக்குகிறவர் வந்து எடுத்துப் போவார். அதை எரித்து, கரைத்து, மிளகளவு தங்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அவ்வளவும் என் துடைப்பத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வந்ததுதானே. கடவுள் எவ்வளவு சின்னதாகவும் இருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய அதிசயத்தைத் தராசக்காவால்தான் பார்த்தேன். இப்போது அவர் எங்கள் தெருவுக்கே குடி வந்துவிட்டார். அவர் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தராசக்கா என்பது ரொட்டி ஆலையில் அவருக்கு வைத்த பேர். பதினெட்டு வயதில் அட்டைப்பெட்டி ஒட்டப் போனவர், ரெண்டே வருடத்தில் மாவு மேசைக்கு வந்துவிட்டார். பிசைந்த மாவைக் கிள்ளி, உருட்டி, அச்சில் போடுகிற வேலை. மற்றவர்கள் கிள்ளியதைத் தராசில் வைத்துக் கொஞ்சம் கூட்டுவார்கள், கொஞ்சம் குறைப்பார்கள். இவர் கிள்ளினால் தராசே வேண்டாம். புதிதாக வந்த மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டு இவருடைய உருண்டைகளில் இருபதை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தாராம். முள் ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்து, தராசு பழுது என்று சரிபார்க்க அனுப்பிவிட்டாராம். இதைச் சொல்லும்போது தராசக்கா இப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்த ஆலைக்கு மாவு மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரரைத்தான் கட்டிக்கொண்டார். மூட்டை இறக்குகிற நேரத்தில் பேசிப் பேசி வந்த கல்யாணம். லாரிக்காரர் தூரத்து ஊரில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, ஒரே மாதிரி ரெண்டு மோதிரம் செய்து வாங்கி வந்தார். ஆளுக்கு ஒரு பவுன். சுற்றிலும் நெல்மணி அடுக்கினது போல் கோடு போட்டது. கல் கிடையாது. கல் வைத்த மோதிரம் போட்டால் ஆலைக்குள் விட மாட்டார்கள். கல் இல்லாததைப் போட்டுக்கொள்ளலாம்.

பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் அவர் சொல்வதில்லை. அடிதடி இல்லை, குடி இல்லை. லாரி தூரம் தூரமாகப் போக ஆரம்பித்தது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தவர் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தார். வந்தால் தூங்கினார். இவர் வேலைக்குப் போய்விட்டு வந்தால் அவர் கிளம்பியிருந்தார். மகள் படிக்க வெளியூர் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் பேச்சுக் குரலே இல்லை. பத்தொன்பது வருடம் முடிகிற நேரத்தில் ரெண்டு பேரும் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நடந்தார்கள். தராசக்கா வீட்டுக்கு வந்து குழாயடியில் சோப்பு நுரை போட்டு மோதிரத்தைக் கழற்றினாராம். விரலில் அந்த இடம் மட்டும் பச்சைக் குழந்தையின் தோல் போல் வெளுத்திருந்ததாம்.

வாடகைக்குப் பிடித்த அறையில் தரையில்தான் படுத்திருந்தார். ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கலாம் என்று மோதிரத்தோடு எங்கள் கடைக்கு வந்தார்.

காலைக் கூட்டம் கலைந்த நேரம். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் நகையை உரசிப் பார்த்து மதிப்புச் சொல்கிறவரை உரைகல் சார் என்போம். முகத்தில் சிரிப்பே வராது, ஆனால் வாயைத் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் மோதிரத்தை வாங்கிக் கல்லில் ஒரு கோடு இழுத்தார், கோட்டின் மேல் அமிலம் விட்டார், நல்ல தங்கம் என்றார். தராசில் வைத்தார். ஆறு புள்ளி ஒன்பது காட்டியது.

தராசக்கா பையிலிருந்து நாலாக மடித்த பழைய ரசீதை எடுத்து நீட்டினார். மோதிரம் ரெண்டு, எட்டு கிராம் வீதம் என்று மையில் எழுதியிருந்தது.

“உங்க தராசு சரியில்ல சார்,” என்றார், அமைதியாக.

உரைகல் சார் கோபப்படவில்லை. முத்திரை போட்ட எடைக்கல்லை எடுத்து வைத்துக் காட்டினார். மோதிரத்தை இன்னொரு தராசிலும் வைத்தார். அதே ஆறு புள்ளி ஒன்பது. தராசக்கா ரெண்டையும் நம்பவில்லை. என் கைக்குத் தெரியாத எடையா, இத்தனை வருடமாக இதே விரலில்தானே கிடந்தது, இது எட்டுத்தான் என்றார். ஆலையில் தன் கைக்கு என்ன பேர் என்பதையும் சொன்னார். எங்கள் முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். உரைகல் சார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து எட்டு கிராம் தங்கக் காசு ஒன்றை எடுத்து அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார். வலது கையில் மோதிரத்தை வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார்.

தராசக்கா கண்ணை மூடினார். ரெண்டு கையும் மெல்ல மேலும் கீழும் அசைந்தன. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். முகம் அப்படியே இறங்கிவிட்டது. அவருடைய கையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மோதிரம் செய்து கொண்டுவந்தது லாரிக்காரர்தான், ரசீதும் அவர் கொடுத்ததுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விலை போட்டுவிடட்டுமா என்று உரைகல் சார் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார்.

“பணம் கொறைஞ்சா கொறையட்டும் சார். கட்டில் இல்லாட்டி தரையில படுத்துக்குவேன். கல்யாணத்தன்னிக்கே அந்த மனுஷன் என்னை ஏமாத்திட்டாரான்னு மட்டும் எனக்குத் தெரியணும். அப்படின்னா நான் நல்லா இருந்ததா நெனச்ச நாள் கூட பொய்தானே?”

பிரிந்து போனதைத் தாங்கிக்கொண்டவர், பழைய நல்ல நாளும் கையை விட்டுப் போகிறதே என்று பதறுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து லாரிக்காரருக்குப் போன் போட்டார். மோதிரம் குறைகிறது, உங்களுடையதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று வெடுக்கென்று ரெண்டே வார்த்தைதான். லாரிப் பேட்டை எங்கள் கடைக்கு நாலு தெரு தள்ளித்தான். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். பெரிய உடம்பு, நரைத்த மீசை, சட்டைப் பையில் டீசல் ரசீதுகள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தலைவலித் தைலம் விற்கிற சின்னத் தகர டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

எட்டு காட்டியது. பொட்டு கூடக் குறையவில்லை.

“பாத்தீங்களா,” என்றார் தராசக்கா. அவரைப் பார்க்கவில்லை, உரைகல் சாரைப் பார்த்துத்தான் சொன்னார். “அவருக்கு எட்டு. எனக்கு ஏழு கூட இல்ல.”

லாரிக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. ரெண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் வாங்கினேன் என்றார். பிள்ளை மேல் சத்தியம் என்றார். சத்தியத்தையெல்லாம் தராசில் வைக்க முடியாது என்று முதலாளி முணுமுணுத்தார்.

உரைகல் சார் ரெண்டு மோதிரத்தையும் வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணில் பெரிதாக்கிக் காட்டும் வில்லையை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார். பிறகு இடுக்கி போல் இருக்கும் கனம் பார்க்கிற கருவியை எடுத்தார். மோதிரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தார், உள்ளங்கைப் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தார். மறுபடி மேல்பக்கம்.

“அம்மா, என்ன வேலை செய்யறீங்கன்னு சொன்னீங்க?”

“ரொட்டி ஆலையில சார். மாவு உருட்டறது. மத்தியானத்துக்கு மேல தட்டு கழுவறது.”

“தட்டு எதுல தேய்ப்பீங்க?”

“கம்பி நார்லதான். கருகினது வேற எதுல போகும்?”

அவர் வில்லையைக் கழற்றித் தராசக்காவிடம் கொடுத்தார். பாருங்கள் என்றார். பிறகு லாரிக்காரரிடம், பிறகு முதலாளியிடம். கடைசியில் நானும் பார்த்தேன். லாரிக்காரரின் மோதிரத்தில் நெல்மணிக் கோடு சுற்றிலும் நேற்றுப் போட்டது போல் நின்றது. தராசக்காவின் மோதிரத்தில் மேல்பக்கம் மட்டும் அதே கோடு, அதே கனம். பக்கவாட்டில் வர வர மங்கி, உள்ளங்கைப் பக்கத்தில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. கூழாங்கல் போல் ஆகியிருந்தது. அங்கே கனம் பாதிதான் இருந்தது.

“ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுதான்,” என்றார் உரைகல் சார். “மேல்பக்கம் பாருங்க, மயிரிழை வித்தியாசம் இல்ல. உங்களை யாரும் ஏமாத்தல. நீங்கதான் தேச்சிருக்கீங்க.”

ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத அளவு போனதை எந்தக் கையாலும் கண்டுபிடிக்க முடியாது, கையும் கூடவே பழகிக்கொண்டு வரும் என்றும் சொன்னார். லாரிக்காரர் மெதுவாக, ஸ்டியரிங்கில் வழுக்கும், வழியில் தொலைந்துவிடும் என்று பயந்து அன்றைக்கே கழற்றி டப்பாவில் வைத்ததாகவும், வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். இது எனக்குத் தெரியவே தெரியாதே என்றார் தராசக்கா.

பிறகு சின்னக் குரலில், “அப்ப அந்தத் தங்கம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

“எங்க கடையில தூசியைக் கூட டப்பாவுல சேத்து வைக்கறோம். உங்க ஆலையில யாரும் சேத்து வைக்கல, அதான்,” என்றார் உரைகல் சார். “தட்டுல கொஞ்சம், கழுவின தண்ணியில கொஞ்சம், வீட்டுப் பாத்திரத்துல, புள்ளைக்குத் தலை வாரினப்ப சீப்புல. மிச்சம் மாவுல.”

“மாவுலயா?”

“பின்ன?”

முதலாளி வயிற்றைத் தடவிக்கொண்டார். “பதினஞ்சு வருஷமா அந்த ரொட்டிதான் காலையில தின்னறேன். அப்ப எனக்குள்ள கொஞ்சம் சரக்கு இருக்குன்னு சொல்லு.”

உருக்கினால் தெரிந்துவிடும் முதலாளி என்றார் உரைகல் சார், முகம் மாறாமல். லாரிக்காரர் கூடச் சிரித்துவிட்டார். தராசக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் ரெண்டு உள்ளங்கையையும் திருப்பி வைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அங்கே நிற்கவே கால் கூசியது, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல. அந்த ஆலை ரொட்டி எங்கெல்லாம் போகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. சிறைக்குப் போகிறது. பல் இல்லாத கிழவர்கள் பாலில் நனைத்துத் தின்கிறார்கள். நானும் என் பிள்ளைகளும் தின்றிருக்கிறோம். பேர் தெரியாத எத்தனை ஆயிரம் பேருக்குள் இந்த மோதிரத்தின் துகள் போயிருக்கிறதோ. போட்டுக்கொண்டவருக்கே தெரியாமல் ஒரு கிராமுக்கு மேல் ஊருக்குக் கொடுத்திருக்கிறார். இந்தக் கணக்கெல்லாம் எழுதி வைக்கிறவன் ஒருவன் மேலே இருக்கிறான் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. கும்பிடத் தோன்றியது. யாரைப் பார்த்து என்று தெரியாமல் துடைக்கிற துணியோடு சும்மா நின்றேன்.

லாரிக்காரர் தன் மோதிரத்தைத் தராசக்காவின் பக்கம் தள்ளினார்.

“இதை வித்துக்க. முழுசா இருக்கு. அதை எனக்குக் குடு.”

தராசக்கா அந்த மோதிரத்தைத் தொடவில்லை. யோசித்துத்தான் பேசினார்.

“வேண்டாங்க. நீங்க பத்திரமா வச்சிருந்தீங்க, நான் போட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டும் தப்பில்ல. உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும். என்னுது எவ்வளவு மிச்சமோ, அது எனக்குப் போதும்.” பிறகு, “நான் போன்ல பேசின மாதிரி பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க,” என்றார்.

லாரிக்காரர் தன் மோதிரத்தை எடுத்துப் பஞ்சுக்குள் வைத்தார். டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் போகவும் இல்லை.

தராசக்கா தன் மோதிரத்தை உரைகல் சாரிடம் நீட்டி விலை போடச் சொன்னார். எங்கள் கடை வழக்கப்படி விற்கிறவர் கண் முன்னாலேயே உருக்குவோம். உரைகல் சார் மோதிரத்தைச் குகை என்கிற சின்ன மண்கிண்ணத்தில் போட்டு நெருப்பைப் பிடித்தார். முதலில் சிவந்தது. பிறகு நெல்மணிக் கோடு ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது. வட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, திடீரென்று தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஒரு துளியாகி நின்று நடுங்கியது. சூரியன் உதிக்கிறபோது கண்ணைக் கூசவைக்குமே, அந்த ஒளி. அவர்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ரெண்டு பேர் முகத்திலும் அதே வெளிச்சம் பட்டது. பதினோரு வருடத்தில் எத்தனையோ உருக்கிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் மூச்சு விட மறந்து பார்த்தேன்.

லாரிக்காரர் வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முதலில் இறங்கிப் போனார். தராசக்கா பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி என்றார். வாசல் படியில் நின்று மகளுக்குப் போன் போட்டார். நான் படியைக் கூட்டுகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

மோதிரம் விற்றாகிவிட்டது, இன்றைக்கே கட்டில் பார்க்கப் போகிறேன் என்றார். அப்பா வந்திருந்தார் என்றார். அந்தப் பக்கம் மகள் ஏதோ கேட்டாள். தராசக்கா தெருவைப் பார்த்தார்.

“இல்லடி, கடைசியிலதான் இப்படி ஆச்சு. அதுக்கு முந்தி நாங்க நல்லாத்தான் இருந்தோம். அது நெசந்தான்,” என்றார்.