வண்டிகளை ஒளித்து வைத்த நாள்

கூரம் வரைக்கும் கப்பி ரோடு உண்டு, பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு மைல் வெறும் வண்டிப்பாதை. வெயிலில் புழுதி, மழையில் முழங்கால் சேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் உள்ளூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்க இருந்தாள். ஒன்பதாவது படிக்கக் காஞ்சிபுரம்தான் போகவேண்டும். என் வீட்டுக்காரர் பிள்ளையார்பாளையத்து முதலாளி ஒருவருக்குப் பட்டு நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

"ரோடு வந்து பஸ் வரட்டும், அனுப்பலாம். இல்லன்னா எங்கூட தறியில உக்காரட்டும். வயசுப் பொண்ணு சேத்துல விழுந்து எழுந்துக்கினு போவணுமா?"

நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். அதனால் அதை எழுதப் போவதில்லை. என் மகளை நிறுத்த விடமாட்டேன் என்று மட்டும் அப்போதே முடிவு செய்திருந்தேன்.

அந்த மாசி மாதத்தில் ஊர்த் தலையாரி ஒரு செய்தி கொண்டுவந்தார். கிராமத்து ரோடுகளைச் சீர்செய்ய ஏதோ ஒரு வளர்ச்சி வங்கி அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறதாம். எங்கள் பாதையைப் பார்க்க நாளைக்கு ஆட்கள் வருகிறார்களாம். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தாமலே கேட்டார்: "ரோட்டுக்குக் கடன் குடுத்தா யாருபா திருப்பிக் கட்டறது? ரோடா பொடவை நெய்து குடுக்கும்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் மாதர் சங்கத்துக்கு அப்போது நான்தான் தலைவி. வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாமி புறப்பாடு வருகிற வீதியில் யாராவது மாட்டுவண்டி ஓட்டுவார்களா? பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அதுதான். வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஒரு நாளைக்கு யாரும் வண்டி பூட்டாதீங்க. புழுதி கெளம்பினா பேங்க்காரங்க மூஞ்சியிலதான் அடிக்கும்" என்றேன். எல்லோரும் கேட்டார்கள். வண்டிகள் ஏரிக்கரைக் களத்துக்குப் போயின. பால்காரர் வயல் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். காலனிப் பெண்கள் அன்றைக்கு விறகு விற்கப் போகவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். பாதையோரப் புளியமரத்தடியில் மேசை போட்டுக் காலை முதல் உட்கார்ந்திருந்தார்கள். பாதையை அளப்பார்கள் என்று பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு எட்டு கூட வைக்கவில்லை. இளநீர் அனுப்பினேன். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடும் அனுப்பினேன். பொழுது சாயும் நேரத்தில் இருவரில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்ல வண்டியே கிடையாதா?"

"இன்னா சார் அப்படிக் கேட்டுட்டீங்க? இருபது வண்டிக்கு மேல இருக்குது. உங்க மேல தூசி படக்கூடாதுன்னு நான்தான் எல்லாத்தையும் களத்துல நிறுத்தச் சொன்னேன்" என்றேன், பெருமையாக.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இந்தப் பாதையில எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணத்தாம்மா நாங்க வந்ததே. போக்குவரத்து இருந்தாத்தான் பேங்க்ல கடன் குடுப்பாங்க." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரே ஒரு சைக்கிள். அதுவும் அவர்களுக்கு இளநீர் கொண்டுபோன சைக்கிள்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் ஊரார் தலையிலும் சேர்த்துப் போட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

விடிந்ததும் அவர்களை அனுப்பிய காஞ்சிபுரத்து ரோடு ஆபீசுக்குப் போனேன். என்ஜினீயர் கேம்ப் என்றார்கள். மறுநாள் போனேன், மீட்டிங் என்றார்கள். மூன்றாம் நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பியூன் வந்து, "ஊருக்குப் போயிட்டு அடுத்த வாரம் வாம்மா" என்றார். "போறதுக்கு ரோடு இல்லபா, அதான் உக்காந்துக்கினு இருக்கேன்" என்றேன். உள்ளே என்ஜினீயர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். கூப்பிட்டார்.

நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"சிரிங்க சார். தப்பு என்னுதுதான். அதுக்கு என் பொண்ணு படிப்பு போவணுமா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "மறுபடியும் ஆள் அனுப்பறேன். ஆனா எந்த நாள்னு சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்க சார். சொன்னா மறுபடியும் கோலம் போட்டுடுவோம்."

பங்குனியில் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் புளியமரத்தடியில் அதே மேசையையும் அந்த மூத்தவரையும் பார்த்தேன். குடத்தை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். வைக்கோல் வண்டி போனது, நெல் வண்டி போனது, என் வீட்டுக்காரர் பட்டு நூல் வாங்க சைக்கிளில் போனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு விழுந்தது. பிறகு காலனிப் பெண்கள் தலையில் விறகோடு வரிசையாகப் போனார்கள். பென்சில் அசையவில்லை.

"இவங்கள ஏன் சார் எழுதல?"

"தலைச்சுமைக்குக் கட்டம் இல்லம்மா. பஸ், லாரி, வண்டி, சைக்கிள், அவ்வளவுதான்."

"வண்டி வாங்க வழியில்லாதவங்கதான சார் தலையில சொமக்கிறாங்க? அவங்களுக்குத்தான ரோடு மொதல்ல வேணும்?"

வெகுநேரம் வாதாடினேன். கடைசியில் அவர் அலுத்துப்போய் ஸ்கேலை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். பொழுது சாய்வதற்குள் அந்தக் கட்டம் மற்ற எல்லாவற்றையும்விட நிரம்பி, பின்பக்கத்துக்கும் போனது.

மே மாதம் மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். "உங்க ரோட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கேன்மா. மேலிடத்துல ஒத்துக்கிட்டு, பேங்க்லயும் ஒத்துக்கிட்டு, வேலை முடிய ரெண்டு வருஷம் ஆகும்" என்றார் என்ஜினீயர். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது.

"அப்ப ரெண்டு வருஷம் கழிச்சுப் பாப்போம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு வருஷம் கழிச்சு அவ ஒன்பதாவது படிப்பாளா, உங்களுக்குப் பேரன் பெத்துக் குடுப்பாளா?" அன்றைக்கு நான் குரலை உயர்த்தித்தான் பேசினேன். "நடக்கிறவங்கள எண்ணிப் பாத்துதான் ரோடு போடறாங்க. ரோடு வந்தப்புறம் நடக்கலாம்னு எல்லாரும் ஊட்ல உக்காந்துக்கினா, யாருக்குங்க போடுவாங்க? என் பொண்ணு நடப்பா. கூட நானும் நடப்பேன்."

அவர் எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

பள்ளி திறந்த அன்றைக்கு, முதல் நாள் மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. மகளின் புத்தகப் பையை நான் தலையில் வைத்துக்கொண்டேன். பாதித் தூரம் போயிருப்போம். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் வந்துகொண்டிருந்தார். கெட்டித் தரை வந்ததும் சைக்கிளை இறக்கி, கேரியரைத் துண்டால் துடைத்தார்.

"ஏறுமா. பஸ்ஸு போயிடப் போவுது" என்றார் மகளிடம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோடு வந்து சேர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் பஸ் ஊருக்குள் வந்தபோது என் மகள் அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பான எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு ஏறுவதற்கு புத்தகப் பையோடு இன்னும் ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள், அதில் மூன்று பேர் காலனிப் பிள்ளைகள். ஏழு பேரும் ரோடு வரும் வரை அவளோடு சேற்றில் நடந்து போனவர்கள்.