குழாய் இழுக்கும்போது மரியாதை எதற்கு?

கம்பைநல்லூர் முனாப்புக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடிபம்பு ரிப்பேரில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது, வீம்பிலும் அப்படித்தான். ஒருமுறை பக்கத்து ஊர்ப் பெரியண்ணன், டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "டேய் முனாப்பு, எங்க ஊரு பம்பு என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். பெரிய நிலக்காரராம்!

"அந்த வாயாலயே 'வாங்க'ன்னு கூப்புடற வரைக்கும் உன் ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்!" என்று அங்கேயே சபதம் போட்டார் முனாப்.

அடுத்த வருஷம், 1983 கோடையில், கிணறெல்லாம் வறண்டது. பெரியண்ணன் ஊரின் ஒரே அடிபம்பும் படுத்துவிட்டது. அவ்வூர் ராமக்காள், ஆறு மாத வயிற்றோடு, குடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பைநல்லூர் வரை நடந்து வந்தாள். அதைப் பார்த்ததும் முனாப் ஸ்பானர் பையை எடுத்துவிட்டார்.

மனைவி அஸ்கரி பேகம் வாசலில் மறித்தாள். "கூப்புடாத எடத்துக்குப் போனா நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே! என் ரோசத்தக் குடத்துல ஊத்திக் குடுத்தா அந்தப் பொண்ணுக்குத் தாகம் அடங்குமா? எவன் சிரிக்கிறான்னு பாத்துடறேன்!"

பெரியண்ணன் பம்படியில்தான் நின்றிருந்தார். முனாப் அவர் பக்கமே திரும்பவில்லை. நாலு ஆட்களைச் சேர்த்து, குழிக்குள் இருந்த இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார். குழாய் இழுக்கையில் ஆட்களை 'டேய்' போட்டு அதட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

ஆறாவது குழாயைக் கவ்விப் பிடித்திருந்த கிளாம்பு வழுக்கியது. நழுவினால் மொத்தமும் குழிக்குள் போய்விடும். ஊருக்குத் தண்ணீர் அவ்வளவுதான். யாரோ பாய்ந்து வந்து குழாயைக் கட்டிப் பிடித்தார்.

"டேய், விடாதடா! விட்டே, தொலைச்சிடுவேன்!" கத்திய பிறகுதான் முனாப் நிமிர்ந்து பார்த்தார். பெரியண்ணன்.

பெரியண்ணனின் தம்பி சென்னப்பன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். "யாரப் பாத்துடா..."

"அந்தாண்ட போடா!" பெரியண்ணன் உறுமினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது, பிடி தளரவில்லை. "நான் புடிச்சிருக்கேன். நீங்க கிளாம்ப முடுக்குங்க பாய்."

முனாப் முடுக்கினார். அடுத்த குழாய்க்கு அவர் 'டேய்' போடவில்லை. "எல்லாரும்... இழுங்க" என்றார் மெதுவாக.

குழாய் அசையவில்லை.

"என்ன பாய், மரியாதை குடுத்தா குழாய் வருமா? டேய்னே சொல்லுங்க!" என்றார் பெரியண்ணன்.

"அப்ப இழுடா!"

ஊரே சேர்ந்து இழுத்தது. முனாப் பழுதை நீக்கி, குழாய்களை மறுபடி இறக்கி மாட்டினார். பொழுது சாயுமுன் ராமக்காளின் குடம் நிரம்பிவிட்டது.