துளையில்லாத கவகவா இலை

1985 பெப்ரவரி எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, என் நாட்குறிப்பில் ஐந்து வரிகள் இருக்கின்றன. காலையில் பனி. பதினொரு தகடுகள் எழுதி முடிந்தன. பிவாகவாகா என்பது வாலை விசிறிபோல விரிக்கும் சிறு பறவை. அது வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்று நியூசிலாந்தில் நம்புகிறார்கள். பின்னேரம் பாணும் பருப்பும்.

அம்மா இறந்தது அன்றுதான். எனக்குத் தெரியவந்தது இருபது நாட்கள் கழித்து. பறவையின் பெயர் அன்றைக்கு வந்ததில் ஒன்றும் இல்லை. நான் படியெடுத்துக்கொண்டிருந்த சொற்பட்டியலில் அது அந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது நான் ஜேர்மனியில், வுப்பர்டாலிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு சிறு நகரத்தின் அகதி விடுதியில் இருந்தேன். அகதி வழக்கு முடியும்வரை எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் இலை கூட்டவும் பனி அள்ளவும் நகரத்தின் பொது இடங்களுக்கு அனுப்புவார்கள். என்னை 1984 ஒக்டோபரில் ஒரு தாவரப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை இலை கூட்டினேன். நான் நிரப்பிக் கொடுத்த வேலைத் தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பான பெண்மணி என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், எந்நேரமும் ரப்பர் சப்பாத்து. என் கையெழுத்து அவருக்குப் பிடித்துவிட்டது. ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றோடு விளக்குமாறு போய் என் கைக்குத் தூரிகை வந்தது.

அவருடைய கண்ணாடி வீட்டில் நியூசிலாந்துச் செடிகள் இருந்தன. செடிகளின் பெயர்த் தகடுகளில் லத்தீன் பெயரும் டொச் எனும் ஜேர்மன் மொழிப் பெயரும் மட்டும். அந்த மண்ணின் மவோரி மக்கள் அழைக்கும் பெயரும் மூன்றாவது வரியாக வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அங்கிருந்து யாரோ ஒன்பது தாள்களில் தட்டச்சு செய்து ஒரு சொற்பட்டியல் அனுப்பியிருந்தார்கள். முதலில் மரஞ்செடிகள், பிறகு பறவைகளும் பூச்சிகளும், கடைசி இரண்டு தாள்களில் வீடு, விருந்தாளி, சாப்பாடு, சாவு. தகட்டுக்குச் செடிகள் மட்டும் போதும். நான் ஒன்பது தாளையும் என் கொப்பியில் படியெடுத்தேன். விடுதியில் வாசிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஹரகேகே என்பது நார் எடுக்கும் ஒரு செடி. தாழைபோல நீண்ட இலை. நடுக்குருத்துதான் பிள்ளை, இரண்டு பக்கமும் நிற்கும் இலைகள் தாய் தகப்பன், அந்த மூன்றையும் ஒருபோதும் வெட்டக்கூடாது, வெளி இலைகளைத்தான் வெட்டவேண்டும் என்று தாளில் இருந்தது. இதை என் அறையில் கூட இருந்த அண்ணைக்குச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

“எங்கடை சனம் நடுக்குருத்தைத்தானே முதல் வெட்டி ஜேர்மனிக்கு அனுப்பினது,” என்றார். “நார் வந்துதோ இல்லையோ எண்டு இன்னும் தெரியேல்லை.”

கவகவா என்ற செடியின் தகட்டை ஜனவரியில் எழுதினேன். பெயரைப் பார்க்குமுன்பே இலை தெரிந்துவிட்டது. இதய வடிவம், காம்பிலிருந்து விரியும் நரம்புகள். மிளகு, வெற்றிலைக் குடும்பம். துக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தலையில் வளையமாகச் சூடுவார்கள், புழு தின்று துளை விழுந்த இலையே சிறந்தது என்று தாள் சொன்னது. அம்மா வெற்றிலைக் கட்டைப் பிரித்தால் ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு ஊசித்துளை இருந்தாலும் அது ஆட்டுக்கு.

“ஓட்டை இலையோ நல்லது?” என்று அண்ணை சிரித்தார். “உம்மடை மவோரியளை ஒருக்கா சுன்னாகம் சந்தைக்குக் கூட்டி வாரும். மிச்சக் கட்டெல்லாம் அவையளுக்கு வித்துப்போடலாம்.”

கடிதம் பெப்ரவரி 28, வியாழக்கிழமை வந்தது. அக்கா எழுதியிருந்தார். நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை. தபால் கந்தோர் பூட்டியிருந்ததால் தந்தி கொடுக்க முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். கடிதப் பெட்டியடியில் நின்று இரண்டு தரம் வாசித்தேன். மேலே வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பிறகு நாட்குறிப்பை எடுத்து எட்டாம் திகதியைப் பார்த்தேன். அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதின்மூன்றாம் திகதி: அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். பத்தொன்பதாம் திகதி: அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். என் கையெழுத்து எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது.

அண்ணை குசினியிலிருந்து பானையோடு வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பானையை நிலத்தில் வைத்தார்.

“அழுதனீரோ?”

“இல்லை.”

“முப்பத்தொண்டு எப்ப வருது?”

“செத்த நாளையும் சேர்த்தா மார்ச் பத்து. ஞாயிறு.”

“அதையாவது விடாமச் செய்யவேணும் தம்பி. கொள்ளிதான் வைக்கேல்லை.”

எனக்கும் அந்த முப்பத்தோராம் நாள் படையல் ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. அம்மா இறந்த நாளைத் தவறவிட்டாயிற்று. இந்த நாளைத் தவறவிடக்கூடாது. முறைப்படி செய்விக்கத் தெரிந்த ஒருவர் வுப்பர்டாலில் இருந்தார். பாரிசிலிருந்து வெற்றிலையும் அங்கே வரும் என்று கேள்வி. ஆனால் எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்குக் கடதாசி வேண்டும். வெள்ளிக்கிழமை காலையே போய் அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். அதிகாரி காரணத்தை வாசித்தார்.

“இறந்தவர் வுப்பர்டாலிலா இருக்கிறார்?”

“இல்லை. யாழ்ப்பாணத்தில்.”

“பிறகு ஏன் வுப்பர்டால்?”

காரணம் எழுதியிருந்த வரியை விரலால் காட்டினேன். மார்ச் 14, வியாழக்கிழமை வந்து பேசும்படி ஒரு டெர்மின் தந்தார். நான்கு நாள் பிந்தி.

“கடதாசி இல்லாமல் போவம்,” என்றார் அண்ணை. “ரெயிலிலை ஆர் உம்மடை மூஞ்சையைப் பாக்கப் போறான்?”

“என்ரை மூஞ்சையைத்தான் முதல் பாப்பாங்கள் அண்ணை.”

முந்தைய மாரியில் எங்கள் விடுதியில் ஒருவர் அப்படிப் பிடிபட்டு, அது அவருடைய கோப்பில் ஏறியிருந்தது. எனக்கு விசாரணை இன்னும் நடக்கவில்லை. ஆகவே அறையிலேயே படைப்பது என்று முடிவானது. சோறு இருந்தது, மரக்கறி இருந்தது, அவரிடம் திருநீறு இருந்தது. வெற்றிலை இல்லை. வெற்றிலை இல்லாமல் அம்மாவுக்கு ஒரு படையல் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. மற்ற எதையும் நினைக்க முடிந்தது.

“அந்த ஓட்டை இலை இருக்கெல்லோ,” என்றார் அண்ணை. “ரெண்டைப் பிடுங்கிப் பொக்கற்றுக்கை வையும்.”

மார்ச் எட்டு, வெள்ளிக்கிழமை. வேலை முடிய அரை மணி நேரம் இருக்கும்போது கவகவாவின் முன்னால் போய் நின்றேன். பிடுங்கியிருக்கலாம், ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த இலை களவில் வந்தது என்று நாட்குறிப்பில் எழுத வேண்டியிருக்கும். பொறுப்பாளரிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். என் தாய் இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சடங்கு. எங்கள் ஊரில் இதற்கு இனமான ஓர் இலை வைப்போம்.

“எப்போது இறந்தார்?”

“போன மாதம் எட்டாம் திகதி.”

அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். “நீங்கள் ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருக்கவில்லையே.”

“இல்லை,” என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு செடிக்குப் போனார். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, உண்மையான வருத்தத்தோடு, “மன்னிக்க வேண்டும். அந்தப் புழு இங்கே கிடையாது. இங்கே எல்லா இலையும் முழுசாகத்தான் இருக்கும். நல்ல இலை என்னிடம் இல்லை,” என்றார்.

என் தாய்க்கு முழு இலைதான் வேண்டும் என்று சொன்னேன். அவர் கத்தரிக்கோலைத் திறந்தார். ஐந்து இலைகளை வெட்டி, ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். செடியிலிருந்து எதை வெட்டினாலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. திகதி போட்டார், செடியின் பெயர் போட்டார், ஐந்து இலை என்று போட்டார். எதற்காக என்ற இடத்தில் டொச்சில் ‘தாய்’ என்று மட்டும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் படைத்தோம். அம்மாவின் அடையாள அட்டைப் படத்தின் பிரதி ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை யன்னல் கட்டின்மேல் நிறுத்திவைத்தோம். அண்ணை உருளைக்கிழங்கு, முட்டைக்கோவா, பருப்பு சமைத்திருந்தார். நான் இலைகளைக் கழுவி, அம்மா செய்வதுபோல நுனியையும் காம்பையும் கிள்ளி, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாக்கு இல்லை. அண்ணை தெரிந்த தேவாரத்தைப் பாடினார். நடுவில் ஒரு வரி மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார். நான் கும்பிட்டேன். பிறகு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

“தம்பி, ஏதும் சொல்லும். உப்பிடியே மரம் மாதிரி நிக்கிறீர்.”

“என்னத்தைச் சொல்லுறது? எனக்கு ஒண்டும் வருதில்லை அண்ணை.” கடைசித் தாளில் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “அந்த மவோரி ஆக்கள் செத்தவையோடை நேரை கதைப்பினமாம். மூண்டு நாள் உடம்பை நடுவிலை வைச்சுக்கொண்டு. ஏசுறதெண்டாலும் முகத்துக்கு நேரை ஏசுவினமாம்.”

“அப்ப கதையுமன். ஆர் மறிச்சது?”

“வாய் வருதில்லை.”

அவர் என் கட்டிலைப் பார்த்தார். நாட்குறிப்பு தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. “எழுதி வைச்சிருக்கிறீர்தானே. அதை வாசியும்.”

எடுத்து வந்து எட்டாம் திகதியிலிருந்து வாசித்தேன். “அம்மா, பெப்ரவரி எட்டு, வெள்ளி. காலமை பனி. பதினொரு தகடு எழுதி முடிச்சன்.” பறவையை வாசித்தேன். பாணும் பருப்பும் வாசித்தேன். அடுத்த நாள், அதற்கடுத்த நாள். உடுப்புத் தோய்த்தது, தூரிகை ஒன்று உடைந்தது, அண்ணை பக்கத்து அறைக்காரரோடு குசினிச் சாவிக்குச் சண்டை பிடித்தது.

“உதையும் எழுதி வைச்சிருக்கிறீரோ?” என்றார் அவர்.

பதின்மூன்றாம் திகதியை எழுதியபடியே வாசித்தேன். பத்தொன்பதாம் திகதிக்கு வந்தபோது நிறுத்தினேன்.

“நிப்பாட்டாதையும். கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறா.”

“அம்மாவுக்குக் கடிதம் போட்டன்,” என்று வாசித்தேன். இருபத்தெட்டுவரை வாசித்து முடித்துக் கொப்பியை மூடினேன்.

“மிச்சம்?”

“மிச்சம் அவவுக்குத் தெரியும்.”

சோறு ஆறியிருந்தது. சாப்பிட்டோம். அண்ணை ஓர் இலையை எடுத்து மோந்து பார்த்தார், கடித்தார், முகத்தைச் சுளித்தார். “வெத்திலை இல்லைத்தான். ஆனா சொந்தக்காரன்,” என்றார். நானும் ஒன்றை மென்றேன். அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு வந்து அன்றைய பக்கத்தை எழுதினேன். அது இப்போதும் அப்படியே இருக்கிறது:

மார்ச் பத்து, ஞாயிறு. அம்மாவின் முப்பத்தொன்று. கவகவா, ஐந்து இலை, துளை இல்லை. முதலில் கசப்பு, பிறகு மிளகுக் காரம்.