வளைவில் ஒரு சாண்

சடையன் மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் மார்க்கர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவன் பாடு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து பதினோரு வருஷம் ஆகியும் தினக்கூலிதான். குனிந்து கோடு போடுகிறவன் கண்ணில் காற்று எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டும் என்று எந்தப் புண்ணியவானும் கேட்டதில்லை. தூசிக்குக் கண்ணாடி கேட்டபோது பி.டி. சார், "அடுத்த வருஷம் பாக்கலாம்பா" என்றார். அந்தக் கல்லூரியில் அடுத்த வருஷம் என்பது வரவே வராத வருஷம்.

எண்பத்து மூன்றில் அவனுடைய வலது கண் மங்கிப்போனது. இடதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பாருங்கள், அவனை நிரந்தரமாக்கும் காகிதம் முதல்வர் மேஜைக்கு வந்ததும் அதே வருஷம்தான். கண் சங்கதி வெளியே தெரிந்தால் காகிதம் குப்பைக்குப் போகும். பெண்டாட்டி செல்லியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

கண்டுபிடித்தவள் மங்கம்மாள் ஒருத்திதான். அவளும் மலைக்காரி, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள், நானூறு மீட்டர் ஓடுகிறாள். நேர்க்கோட்டுக்குக் கயிறு கட்டினால் போதும், வளைவுக்குக் கண் வேண்டும். காலைப் பயிற்சிக்கு வரும்போது அவள் முன்னால் நடந்து, "இன்னும் கொஞ்சம் உள்ள மாமா" என்பாள். அவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வளைவை முடிப்பான்.

அவளுக்கும் ஒரு இக்கட்டு இருந்தது. போட்டி போட்டி என்று அவளை ஊர் ஊராக அனுப்பிய கல்லூரியே, வகுப்புக்கு வந்த நாள் போதாது, பரீட்சை எழுத முடியாது என்றது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் மன்னிப்பு உண்டு. இல்லையென்றால் படிப்பு நின்றது. அப்பன் சின்னதம்பி மறுபடி அவளை மலையிறங்க விடமாட்டான்.

தேர்வுப் போட்டி இந்த மைதானத்திலேயே நடந்தது. நாள் குறைகிறதே என்று அன்று காலை அவள் லேபில் உட்கார வேண்டியதாயிற்று. சடையன் தனியாகத்தான் வளைவைப் போட்டான். காற்று வேறு.

மங்கம்மாள் முதலாவதாக வந்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் வளைவில் நின்ற நடுவர் கொடியைத் தூக்கினார். கோட்டின்மேல் அவள் கால் தடம். கோட்டை மிதித்தால் ஓட்டம் செல்லாது. எல்லாரும் தடத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் கோடே ஒரு சாண் அவள் பாதைக்குள் புடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. வாளியோடு பக்கத்தில் நின்ற சடையனுக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காலையில் கண் எரிந்து கை தடுமாறியது அங்கேதான். "அளந்து பாருங்க சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கோட்ட மிதிச்சியாம்மா?" என்றார் நடுவர்.

மங்கம்மாள் கோட்டைப் பார்த்தாள். பிறகு சடையனைப் பார்த்தாள், ரொம்ப நேரம். அவன் வாளியைப் பார்த்தான்.

"மிதிச்சேன் சார்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சடையன் வாயை மூடிப் பிழைத்தான். அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. செல்லி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அவன் இலையை அப்படியே மடித்துவிட்டான். ஆனால் மனசு கெட்டிக்கார வக்கீல். நம் பிழைப்பு கெடக்கூடாது என்றுதானே அந்தப் பெண் பழியை ஏற்றுக்கொண்டாள், என்ன குணம் அவளுக்கு என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அவன் தூங்கப் பழகினான்.

புளி உலுக்கும் மாதத்தில் மலையேறினான். நன்றிகூடச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று பட்டது. மங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு.

"வாங்க மாமா. கண்ணு எப்டி கீது?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்காவ அன்னிக்கு நீ அந்த சார் கிட்ட ஒண்ணும் சொல்லாம வுட்டியே தாயி. சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன்."

அவள் கை நின்றது.

"உங்களுக்காவ இல்ல மாமா," என்றாள், கோபமே இல்லாமல். "கால் பட்டது நெஜம், மிதிச்சேன்னேன். கோட்ட கோணலா போட்டவரு நீங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்களயே பாத்துக்கினு நின்னேன்."

பிறகு அவனுக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவர எழுந்து உள்ளே போனாள்.