சேர்க்காத இழை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் புரதக்காரி. வைரஸின் வெளிக்கூடாக அமையும் புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுப்பது பதினாறு வருஷமாக அவள் வேலை. அந்தப் புரதம் வைரஸின் ஆர்.என்.ஏ. இழையைப் பிடித்துச் சுருட்டித் தன் கூட்டுக்குள் அடைத்துவிட்டதாக நுண்ணோக்கிப் படம் காட்டியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவளுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

"உட்காருடி, தரை தேயுது," என்றாள் படம் எடுத்த தோழி.

"புரதத்தை உப்புக் கரைசல்ல ரெண்டு தடவை கழுவணும். அன்னிக்கு அவசரத்துல ஒரு தடவைதான் கழுவினேன். பாக்டீரியாவோட ஆர்.என்.ஏ. ஒட்டிக்கிட்டு வந்திருந்தா?"

வைரஸ் இழையே சேர்க்காமல், வெறும் புரதத்தை மட்டும் ஒரு குழாயில் வைத்துப் பார்த்தாள். கூடுகள் காலியாக வந்தால் தப்பித்தாள். நிறைந்திருந்தால் உள்ளே இருப்பது பாக்டீரியாவின் இழை, மூன்று மாத உழைப்பு வீண். மதியத்துக்குள் ஏழு தடவை எட்டிப் பார்த்தாள்.

படம் வந்தது. கூடுகள் அத்தனையும் நிறைந்திருந்தன.

"உன் புரதத்துக்கு யார் வந்தாலும் விருந்தாளிதான் போல," என்று சிரித்த தோழி, குரலைத் தாழ்த்தினாள். "பேசாம விடு. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேனே."

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத் தலைவர் அறைக்குப் புறப்பட்டாள். அதற்கு முன்பே புதிய உப்புக் கரைசலைக் கலக்கி வைத்திருந்தாள், இரண்டு கழுவலுக்குப் போதுமான அளவு.