கண்ணாடிக்கு வைத்த பொட்டு

நான் வானியல் படித்தவன். இதைச் சொன்னதும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்கூட ஜோசியம் கேட்டு என் முன்னால் உள்ளங்கையை நீட்டியவர்கள் உண்டு. மலைமேல் இருந்த ஒரு வானாய்வு நிலையத்தில் பாதி ஆயுள் போனது. மீதி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவதில் போய்க்கொண்டிருக்கிறது. போன இடத்திலெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். கடை வைக்கும் அளவுக்கு வீட்டில் கிடக்கிறது. இருட்டும் வரை இருந்து பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

செந்துறைப் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் அங்கே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. மற்ற பிள்ளைகள் அதன் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஊருக்குத் தள்ளி இருந்த எங்கள் தெருப் பிள்ளைகளின் முறை வந்ததும், “கையப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாரு” என்றார் சார். கட்டிக்கொண்டு குனிந்தேன். மங்கலாக என்னவோ தெரிந்தது. திருகைத் திருப்பாமல் யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

தொலைநோக்கியின் உயிர் அதன் குழாய்க்கு அடியில் இருக்கும் குழிந்த கண்ணாடி. அதை நானே தேய்த்தேன். ஒரு வட்டக் கண்ணாடியின் மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் உராய்வுப் பொடியும் தண்ணீரும் விட்டு, சமையலறை மேடையில் மாதக்கணக்கில் தேய்த்தேன். “இந்நேரத்துக்கு மாவாட்டியிருந்தா ஊருக்கே இட்லி ஊத்தியிருக்கலாம்” என்றாள் மனைவி. பிறகு அதன்மேல் அலுமினியப் பூச்சு ஏற்றி வாங்கினேன். விரல் பட்டாலே கெட்டுவிடும் பூச்சு அது. தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். குழாயையும் திருகையும் பிள்ளைகள் இஷ்டம்போல் திருப்பட்டும், அடியில் இருக்கும் கண்ணாடியை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

திறப்பு விழாவைப் பட்டப்பகலில் வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் மூடி கழற்றாத தொலைநோக்கியில் கண்ணை வைத்து, “நல்லா தெரியுதுங்க” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கே அது தலைமையாசிரியர் அறைக்குள் போய், விளையாட்டுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நின்றது.

அக்கா மகள் அப்போது அந்தப் பள்ளியில் ஒன்பதாவது. சனிக்கோளின் வளையத்தைப் பற்றி நான் பேசிப் பேசி, அதைப் பார்த்தே தீருவது என்று இருந்தாள். போன் செய்தால் முதல் கேள்வியே, “மாமா, எங்களுக்கு எப்ப காட்டுவாங்க?” என்பதுதான். என்னிடம் வேறு தொலைநோக்கி கிடையாது. இருந்த ஒன்றைத்தான் கொடுத்துவிட்டேனே. தலைமையாசிரியரைக் கூப்பிடுவேன். பரீட்சை முடியட்டும் என்பார். மழை விடட்டும் என்பார். “பொம்பளப் புள்ளைங்கள இருட்டுனப்புறம் யாரு சார் பாத்துக்கிறது? பிசிக்ஸ் சாருக்கு அரியலூர் பஸ்ஸு போயிடும்.” நானே வந்து காட்டுகிறேன் என்றேன். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். அவள் பன்னிரண்டாவது முடித்து, அரியலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கும் போய்விட்டாள்.

போன ஆயுத பூஜை கழிந்து இரண்டு மூன்று நாளில் பள்ளிக்குப் போனேன். தொலைநோக்கியின் கழுத்தில் வாடிய மாலை தொங்கியது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இருந்த கண்ணாடியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சுற்றிலும் பூச்சு கோடு கோடாகப் பெயர்ந்திருந்தது.

தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார். “உள்ள ஒரே தூசியா இருந்துச்சு சார். ஸ்க்ரூவக் கழட்டி, விபூதி போட்டு, பேப்பரால நல்லா தேச்சுப் பொட்டு வெச்சோம். வருஷா வருஷம் செய்யிறதுதான்.”

தொட வேண்டிய பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை, தொடக்கூடாததைத் தேய்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். திட்டுகிறவனோடு சண்டை போடலாம். கும்பிடுகிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

“கண்ணாடியக் குடுங்க, புதுசா பூச்சு ஏத்திக் கொண்டாந்து தரேன்” என்றேன்.

“ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சே சார். வெளிய குடுத்தா ஆடிட்ல என்னையக் கேப்பாங்க. இப்பவும் பாக்க நல்லாத்தான சார் இருக்கு?”

வீம்புக்கு, திருச்சியில் ஒரு நண்பரிடம் சின்னத் தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்து அக்கா வீட்டு வாசலில் வைத்தேன். சனி நன்றாக மேலே ஏறியிருந்தது. அக்கா மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கடையில் நாள் முழுக்க நின்றதில் கால் வீங்கியிருந்தது.

“நாளைக்குப் பாக்கறேன் மாமா.”

“ஒரு நிமிஷம்தான். வாம்மா.”

எனக்காக வந்தாள். பையை இறக்கி வைத்தாள். யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

“அந்தத் திருகத் திருப்பும்மா, தெளிவா தெரியும்” என்றேன்.

“வேணாம் மாமா, நான் தொட்டு எதுனா ஆயிடப் போவுது” என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். “மங்கலா என்னமோ தெரியுது. நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.