கடல் தாண்டி வந்த புழுதி

எண்பதுகளில் என் வீட்டுக்காரருக்குக் கொடைக்கானல் மலையுச்சியில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அங்கே மொட்டை மாடியில் ஒரு மோட்டார் இரவும் பகலும் காற்றை இழுத்து, ஒரு வெள்ளைத் தாள் வழியாக விடும். காலையில் தாளை மாற்றி, பழையதை உறையில் போட்டு மெட்ராசுக்கு அனுப்புவார். அதில் ஒட்டியது எந்தப் பாலைவனத்துத் தூசி, எந்தக் காடு எரிந்த புகை என்று அங்கே ஒரு விஞ்ஞானி கண்டுபிடிப்பாராம். யார் வீட்டில் கருவாடு வறுத்தார்கள் என்றும் சொல்வாரா என்று கேலி செய்வேன். இவர் சிரிப்பார், சிரிப்பு இருமலில் போய் நிற்கும். அவருக்கு வீசிங், மூச்சிழுப்பு. காற்றோடு மாரடிக்கிற வேலை, மூச்சுக்கு மட்டும் பஞ்சம்.

எங்கள் மலையில் எதிர்மலை வெளுத்து மறைந்தால் மிஸ்ட், அதாவது மூடுபனி, இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு, இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டுவோம். வீசிங்காரர் இருக்கும் வீட்டில் முதலில் மூட்டுவோம், குளிர் ஆகாது என்று.

ஒரு கோடையில், தாளை மாற்றிவிட்டு வந்தவருக்கு வாசலிலேயே இழுப்பு வந்துவிட்டது. எதிர்மலையைக் காணோம்.

"மிஸ்ட் எறங்கிருச்சு. வெரசா கணப்பைப் போடு" என்றார்.

போட்டேன். அடங்கவில்லை. குளிர் விடவில்லை என்று இன்னும் கரி போடச் சொன்னார். சாயங்காலம் ஜீப் பிடித்து அடிவாரத்து வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனோம். பாதி மலையிலேயே என் மடியில் போய்விட்டார். இயேசப்பா என்று கத்தக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

மறு வருஷம் அந்த விஞ்ஞானி மலைக்கு வந்தபோது துக்கம் கேட்க வீட்டுக்கும் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வேலைப் பேச்சு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இவர் கடைசியாக மாட்டிவிட்டு வந்த தாள் செம்மண் நிறத்தில் வந்ததாம், அப்படி ஒன்று அதுவரை கிடைத்ததில்லையாம். சாட்டிலைட் படத்தையும் காற்று வீசிய திசையையும் வைத்துப் பின்னோக்கிக் கோடு போட்டால், அது கடல் தாண்டி அரேபியாவில் போய் நின்றதாம். அன்றைக்கு மலையில் மிஸ்ட்டே கிடையாது, அத்தனையும் பாலைவனப் புழுதி என்றார்.

 குளிருக்குப் பயந்தல்லவா கணப்பு மூட்டினோம்? மூச்சு முட்டியவரை அடைத்த அறையில் வைத்து, கரிப்புகையையும் அல்லவா ஊட்டினோம்.

"புழுதி கெளம்புனப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வந்து சேர்ந்த பிறகுதான் எங்கிருந்து வந்தது என்று பார்க்க முடியும் என்றார்.

"முன்கூட்டியே சொல்ல இப்போதைக்கு வழி இல்லம்மா. இன்னும் கொஞ்ச வருஷத்துல முடியும்."

முடியட்டும். எனக்கு அது முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன?